இடக்கைச் சுற்று

மேலே வால்வை மூடினோமா? மூடினோம். மொட்டை மாடிக்கு ஏறி, டேங்குக்குப் பின்னால் முதுகு பிடிக்கக் குனிந்து, அந்தச் சிவப்புச் சக்கரத்தைத் திருகி மூடிவிட்டுத்தானே இறங்கி வந்தோம், உள்ளங்கையில் துரு இன்னும் ஒட்டியிருக்கிறதே, பிறகென்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது என்று ஞானதிரவியம் தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். அதட்டினால் மனசு கேட்கவா செய்யும்? அரசு பஸ்ஸில் கண்டக்டராகவே தலை நரைத்த மனுஷன். கடைசி ஆள் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகும் படிக்கட்டை இன்னொரு தரம் எட்டிப் பார்க்காமல் விசில் ஊதியவரில்லை. ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி விடவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் மாமனார் காலத்துப் பைப் ரெஞ்ச். எதிரே சுவரில் பழைய குழாய், உப்புப் பூத்து, மூக்கில் ஒரு சொட்டு தொங்க, சளி பிடித்த பிள்ளை மாதிரி. அதற்குப் பக்கத்தில் தரையில் புதுக் குழாய் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று கிடந்தது. அதன் தலையில் நீளமாக ஒரு கைப்பிடி. திருக வேண்டாம், முழங்கையால் தள்ளினால் திறக்கும், திரும்பத் தள்ளினால் மூடும். அந்த ஒரு கைப்பிடிக்காகத்தான் இவ்வளவு பாடும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வசந்தபாய்க்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து, ஸ்தோத்திரம் சொல்ல முதல் தடவையாக வேதக்கோயிலுக்குப் போகிற நாள். அவளானால் இன்று காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள், “நாளைக்கு நான் கோயிலுக்கு வரணும்னா இன்னைக்கு நானே தனியா தலைக்குக் குளிக்கணும். இத்தன நாளும் நீங்க குளிப்பாட்டுனது போதும். முடியலன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்வதை எந்த ஜென்மத்திலும் மாற்ற முடியாது. பிளம்பருக்குப் போன் போட்டால் “திங்கக்கெழம பாப்போம் அண்ணாச்சி” என்கிறான். திங்கட்கிழமை வந்து யாருக்கு? அதனால்தான் இந்த ரெஞ்ச், இந்த வாளி, இந்த உட்காரல்.

முன்பெல்லாம் இந்த வேலை அவருடையது இல்லை. இந்த வீட்டில் ஆணி அடித்தது, பியூஸ் போட்டது, மிக்ஸியைக் கழற்றி மாட்டியது எல்லாம் வசந்தபாய்தான். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் மகள். ஸ்பேனரை வைத்து விளையாடி வளர்ந்த பிள்ளை. அதுவும் பீச்சாங்கைக்காரி. அவளை அவர் முதலில் அறிந்ததே அந்தக் கையால்தான். கூட்ட நெரிசலில் சில்லறையை இடக்கையால் நீட்டினாள், “ஏம்மா, வலக்கை என்ன வேண்டுதலா?” என்று அவர் கிண்டலாகக் கேட்க, “வலக்கை கம்பியப் புடிச்சிருக்கு. விட்டுட்டா நீங்க வந்து புடிப்பீயளா?” என்று ஒரே போடாகப் போட்டாள், பஸ்ஸே சிரித்தது. பிடித்துக்கொள்ளத்தான் செய்தார் கடைசியில். வீட்டுக்கு வந்தபின் அவர் அம்மா சொன்னாள் என்பதற்காகச் சோறு பரிமாறுவதை மட்டும் வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள், கருவியைத் தொட்டால் இடக்கைதான் ராணி. அவருக்கு டார்ச் பிடிக்கிற உத்தியோகம். அதற்கும் திட்டு. “என் மூஞ்சியில அடிக்காதீய, கொழாயில அடிங்க.” அவர் எங்கே குழாயைப் பார்த்தார், அவள் நெற்றியில் பூக்கிற வேர்வையை அல்லவா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடது பக்கம்தான் நோய் வந்து உட்கார்ந்தது. கட்டியோடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, ஊசிகூடக் குத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சரி, வலக்கை இருக்கிறதே என்றால், எல்லா ஊசியும் அதிலேயே ஏறி நரம்பு வெந்து, விரல் நுனி மரத்துப்போய்க் கிடக்கிறது. இந்தப் பழைய குழாயோ மல்லுக்கு நிற்கிற குழாய். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால்தான் தண்ணீர் நிற்கும். கை போகவில்லையே, அது போதும், கர்த்தாவே ஸ்தோத்திரம், கை இருக்கிறது, ஆளும் இருக்கிறாள், குழாய்தானே, குழாயை மாற்றிக்கொள்ளலாம். இதோ பக்கத்து அறையில் கட்டில் முனகுகிறது, புரண்டு படுக்கிறாள், அந்த முனகலுக்கும் ஒரு ஸ்தோத்திரம்.

இந்த ஸ்தோத்திரம் ஒன்று அவர் வாயில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி பிளாஸ்க்கை இரவல் தந்தாளே, அவளுக்கு ஸ்தோத்திரம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ‘உக்காருங்க பெரியவரே’ என்று எழுந்து இடம் கொடுத்தவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் நாளைக்குச் சபை நடுவில் எழுந்து நின்று என்ன சொல்வது? போதகர் ஐயா சொல்லியிருக்கிறார், நீங்களே உங்க வாயால ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க என்று. எல்லாரும் சொல்வார்கள், ‘வியாதிப் படுக்கையை மாற்றினார், மரண இருளிலிருந்து தூக்கி எடுத்தார்’ என்று மணி மணியாக. இவருக்கு அது வராது. பஸ்ஸில் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று ஊருக்கே கேட்கக் கத்தத் தெரியும், கோயிலில் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மரண இருளை யார் கண்டார்கள்? இவர் கண்டதெல்லாம் இந்தக் குளியலறையை. கட்டியை அவள் கண்டுபிடித்ததே இங்கேதான், இந்தக் குழாய்க்கு எதிரில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சோப்புப் போடும்போது. வெளியே வந்து காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், “இங்ஙன ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” அதற்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாளை அவள் போடவே இல்லை. போட முடியவில்லை, குளிப்பாட்ட அவர் உள்ளே வர வேண்டுமே. கதவு திறந்தே கிடக்கும், அவர் நைட்டியைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் உட்கார வைத்து, தழும்பில் படாமல் கப் கப்பாகத் தண்ணீர் ஊற்றுவார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவரைப் பார்க்க மாட்டாள், தன்னையும் குனிந்து பார்க்க மாட்டாள், குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். “சூடு போதுமா?” “போதும்.” அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸையே சிரிக்க வைத்தவளுக்கு அந்த ஒற்றைச் சொல்தான் மிச்சம். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, ஆயுசு பூராவும் ஊற்றச் சொன்னாலும் ஊற்றுவார். ஆனால் ஊற்றுகிறவனுக்குச் சங்கடமில்லை என்பதா கணக்கு? வாங்கிக்கொள்கிறவள் ஒவ்வொரு கப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனாளே. ஒருநாள் குழாயைப் பார்த்தபடியே, “இத மாத்துனா என்ன?” என்றாள். ஒழுகுவதைச் சொல்கிறாள் என்று நினைத்தார். ஒழுகலை அல்ல, தனியாகக் குளிப்பதைச் சொன்னாள் என்று ரெண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் நடக்கும்போதுதான் உறைத்தது, அப்படியே நின்றுவிட்டார், பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

போதும், யோசித்தது. ரெஞ்சின் வாயைக் குழாயின் கழுத்தில் மாட்டினார். காலையிலேயே தேங்காய் எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருந்தார். அமுக்கினார். அசையவில்லை. இன்னும் அமுக்கினார். சுவருக்குள்ளிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சட்டென்று கையை எடுத்துவிட்டார். ஒடிந்தால்? குழாயின் திருகுமரை பாதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால்? மாமனார் அடிக்கடி சொல்வார், வெளியே இருப்பதைக் கழற்றுவது பெரிசில்லை, உள்ளே துண்டு நிற்காமல் கழற்றணும் என்று. துண்டு நின்றுவிட்டால் டைல்ஸை உடைக்கணும், சுவரைத் தோண்டணும், குளியலறையே வாய் பிளந்து கிடக்கும், அவள் எழுந்து வந்து பார்ப்பாள், போய்ப் படுத்துக்கொள்வாள், நாளைக்கும் படுத்துக்கொள்வாள், அதற்கு அடுத்த ஞாயிறும். உள்ளே துண்டு நிற்காமல். தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தபோது அவர் கேட்டதும் அதைத்தானே. தமிழில் வேறு வார்த்தையே வரவில்லை, “உள்ள ஒண்ணும் நிக்கலியே?” என்றார். அந்த அம்மாள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, “எல்லாத்தையும் எடுத்தாச்சு. வெட்டுன ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு” என்றாள். ஓரம் சுத்தம். அந்த ரெண்டு சொல்லை அவர் வீடு வரைக்கும் மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது அந்தப் பழைய புத்தி, எல்லாரும் ஏறியாச்சா, எல்லாம் இறங்கியாச்சா, படிக்கட்டில் எவனாவது தொங்கிக்கொண்டிருக்கிறானா. இன்றைக்கு அது வேண்டாம். அது அடுத்த மாசத்துப் பயம், அடுத்த மாசம் பயந்துகொள்ளலாம். மூச்சை இழுத்துக்கொண்டு, உடம்பு பாரம் முழுவதையும் ரெஞ்சின் வாலில் போட்டு ஒரு அமுக்கு. குழாய் அசைந்தது. அசைந்து, முரண்டு பிடித்து, பிறகு நல்ல பிள்ளையாகச் சுற்றிச் சுற்றி வந்தது. கையோடு வந்த குழாயைத் திருப்பி மரையைப் பார்த்தார். கடைசிச் சுற்று வரைக்கும் முழுசாக இருந்தது. சுவர் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். ஒன்றும் நிற்கவில்லை. பைப்பில் தேங்கி நின்ற தண்ணீர் குபுக்கென்று வந்து மடியை நனைத்தது. அந்த ஈரத்தோடு, வாளிமேல் உட்கார்ந்து, ஒரு துருப்பிடித்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஞானதிரவியம் அழுதார். சத்தம் வராமல்தான். கட்டிலில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே.

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு புதுக் குழாயை எடுத்தார். இனி டேப்பு. புதுக் குழாயின் மரைமேல் அந்த வெள்ளை டேப்பை இழுத்துச் சுற்றணும், அப்போதுதான் தண்ணீர் கசியாது. இது அவருக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், எத்தனை தடவை டார்ச் பிடித்துக்கொண்டு எதிரே நின்று பார்த்திருக்கிறார். கண்ணை மூடினால் தெரிகிறது: வசந்தபாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், குழாய் ஒரு கையில், டேப்பு ஒரு கையில், உதட்டைக் கடித்துக்கொண்டு, டேப்பை மரைக்கு மேலாகத் தன் நெஞ்சுப்பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றுகிறாள், ராட்டினத்தில் நூல் சுற்றுகிற மாதிரி ஒரே வேகமாக. கடைசியில் பல்லால் வெடுக்கென்று கடித்து அறுக்கிறாள். அவரும் அப்படியே செய்தார். நெஞ்சுப்பக்கம் இழுத்து, இழுத்து, உதட்டையும் கடித்துக்கொண்டார், பல்லால் அறுத்தும் ஆயிற்று. அப்படிச் செய்யும்போது அவள் கை தன் கைக்குள் இருப்பது மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. புதுக் குழாயைச் சுவரில் வைத்துத் திருகினார், இறுக்கினார், மூக்கு நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். மாடிக்கு ஓடி வால்வைத் திறந்தார். திறந்தோமா? திறந்தோம். இறங்கி வந்தார்.

குழாயின் கழுத்திலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வெள்ளை டேப்பு பிதுங்கி, அப்பள மாவு மாதிரி சுருண்டு வெளியே தொங்கியது. சொட்டு, சொட்டு, கீழே இருந்த கப்பில் டொக், டொக். அவர் அப்படியே நின்றார். பழைய குழாயாவது மூக்கில் ஒழுகியது, இது கழுத்திலேயே ஒழுகுகிறது. நல்லதாய்ப் போயிற்று, பிள்ளையார் பிடிக்கக் குரங்கு. மறுபடியும் மேலே போய், மூடி, கழற்றி, மறுபடியும் சுற்றினார். இன்னும் கூடுதலாகச் சுற்றினார், காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி தடி தடியாக. மறுபடியும் மேலே போய்த் திறந்து வந்து பார்த்தால் அதே பிதுங்கல், அதே டொக், டொக். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் விழுந்துவிட்டது. வெயில் இறங்கினால் அவள் குளிக்கக் கூடாது, சளி பிடித்துக்கொள்ளும். டேப்பு உருளையில் இனி கொஞ்சம்தான் மிச்சம். இத்தனை நாள் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், நகை கேட்டாளா நட்டுக் கேட்டாளா, ஒரு கதவைச் சாத்திக்கொள்ளக் கேட்டாள், அதைக்கூடச் செய்துகொடுக்கத் துப்பில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“கழுத்துலயா ஒழுகுது?”

எப்படித் தெரிந்தது இவளுக்கு? சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். “லேசாத்தான். நீ படு, நான் பாக்கேன்” என்றார்.

“டேப்பு பிதுங்குதா?”

“ஆமா.”

“எந்தப் பக்கமா சுத்துனீய?”

“நீ சுத்துற மாதிரியேதான் சுத்துனேன். நெஞ்சுப்பக்கமா இழுத்து.”

பக்கத்து அறையில் கட்டில் குலுங்குகிற மாதிரி ஏதோ கேட்டது. பயந்துபோய் ஓடினார். வசந்தபாய் எழுந்து உட்கார்ந்து, தழும்பு வலிக்காமல் இருக்கத் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் பீச்சாங்கைக்காரிங்க! என் கை என் நெஞ்சுப்பக்கம் இழுத்தா அது மரையோட போவும். ஒங்க வலக்கை அப்பிடி இழுத்தா மரைக்கு எதிரால்லா போவும்! திருகத் திருக அவுந்துட்டு வரும். வெளிப்பக்கமாத் தள்ளிச் சுத்துங்க. ஐயோ, இத்தன வருசம் எதுத்தாப்புல நின்னு டார்ச்சு புடிச்சி என்னத்தைத்தான் பாத்தீய?”

“ஒன்னையத்தான் பாத்தேன்” என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வெட்கம் வந்தது.

“ஆமா, பாத்தீய” என்றாள் அவள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று? ஆபரேஷனுக்குப் பிறகு கேட்கவே இல்லையே, இது எங்கேயோ தொலைந்துபோய்விட்டது, இனி வராது என்றல்லவா அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஒரு டேப்பைத் தப்பாகச் சுற்றியதற்கு இவ்வளவு பெரிய கூலி கொடுப்பார்களா? ஊரில் உள்ள குழாயை எல்லாம் தப்பாகச் சுற்றலாமே. குளியலறைக்குத் திரும்பி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. மறுபடியும் மாடி ஏறினார், மூடினார், முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். மிச்ச டேப்பை எடுத்தார். வெளிப்பக்கமாக. தன்னை விட்டு அப்பால் தள்ளித் தள்ளி. கைக்கு இது பழக்கமில்லாமல் இருந்தது, நெஞ்சுப்பக்கம் இழுக்கவே விரல் திரும்பத் திரும்ப முயன்றது. இழுக்காதே, தள்ளு. பக்கத்தில் வைத்துக்கொள்ளணும் என்றால் இழுத்துக்கொண்டே இருக்கணுமா என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது, அதைப் பிடித்து வைத்து யோசிக்க நேரமில்லை, டேப்பு தீர்ந்துவிட்டது. திருகினார். டேப்பு பிதுங்கவில்லை, மரைக்குள் படிந்து படிந்து அடங்கிப்போயிற்று. மேலே போய்த் திறந்தார். திறந்தோமா என்று கேட்கக்கூட இல்லை, கீழே தண்ணீர் இறங்குகிற சத்தம் பைப்பில் கேட்டது. வந்து குழாயின் கழுத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். காய்ந்த கழுத்து. டவுசர் பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும்போல இருந்தது, முழங்கால் சம்மதிக்கவில்லை.

அடுப்பிலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றிவிட்டு, “வசந்தா, வா” என்றார். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலையில் புதுமுடி கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி முளைத்திருந்தது. குழாய் முன்னால் நின்று, பரீட்சைத் தாளைத் திருத்துகிற டீச்சர் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். வலது முழங்கையால் கைப்பிடியை லேசாகத் தள்ளினாள். தண்ணீர் கனமாக வாளிக்குள் விழுந்தது. திரும்பத் தள்ளினாள். நின்றது. ஒரு சொட்டு, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அவள் மறுபடியும் திறந்தாள், மூடினாள். மறுபடியும் திறந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று வேறு நாளானால் அவளே சத்தம் போட்டிருப்பாள்.

“மூக்கு கொஞ்சம் கோணலா இருக்கு” என்றாள்.

“நேராக்கிரட்டுமா?”

“வேண்டாம். இருக்கட்டும்.” பிறகு அவர் நனைந்த வேட்டியையும் துருக் கையையும் பார்த்தாள். நெற்றியில் அவருக்கும் வேர்த்திருந்தது. துண்டின் நுனியால் அதை ஒற்றி எடுத்தாள், இடக்கையால்தான், அவ்வளவு உயரம் மெதுவாக அது ஏறியது. “வெளிய போங்க” என்றாள்.

போனார். பின்னால் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

இந்த வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைத் தினம் தினம் கேட்டிருக்கிறார், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. உள்ளே கப்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம், தலையில் விழுகிற சத்தம், ‘ஹா’ என்று ஒரு நீளமான மூச்சு. அவள் இப்போது குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டியதில்லை, குனிந்து தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறாளோ என்னவோ, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அவள் பாடு, அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள பேச்சு. அவர் சாத்திய கதவின் முன்னால் ஈர வேட்டியோடு நின்றார். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. மரண இருளும் வேண்டாம், மணியான வார்த்தையும் வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சபையாருக்கு வணக்கம். என் வீட்டுக்காரி நேத்து, தானே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குளிச்சா. அதுக்கு ஸ்தோத்திரம்.”

“அங்க நின்னு யாருகிட்ட பேசுதீய?” என்று உள்ளிருந்து கேட்டாள் வசந்தபாய்.

“யாருகிட்டயும் இல்ல” என்றார். “நீ மெதுவாக் குளி.”